உன் குருத்தோலைக்குக் கீழே இருந்த கம்பி

என் ரொபட்டுக்கு,

ஒரு கிழமையாக எனக்குக் கடை வேலையில் மனம் நிற்கவில்லை. நேற்றுக் கடைக்கு ஒருவர் கூரை ஆணி வாங்க வந்தார். தராசில் அள்ளிப் போடுகிறேன், பாதி ஆணி தரையில் கிடக்கிறது. "என்ன ஹாஜியார், சுகமில்லையா?" என்று கேட்டார். செத்துப்போன கூட்டாளியோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது, ஆளைத்தான் காணவில்லை என்று அவரிடம் சொல்ல முடியுமா? அதனால் இதை எழுதுகிறேன். தபால் கந்தோரில் பார்சல் கட்டியே காலம் தள்ளிய உனக்கு விலாசம் இல்லாத கடிதம். உன் கையில் சேராது என்று எனக்குத் தெரியும், ஊராவது வாசிக்கட்டும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய படகின் பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடித்திருந்ததே ஒரு கம்பி, அதன் மேல்முனை இற்றுப்போயிருந்தது ரொபட். நான் முறுக்கவில்லை, இழுக்கவில்லை. சும்மா பிடித்தேன், கையோடு வந்துவிட்டது.

அந்தக் கம்பியை நம்பித்தான் நீயும் நானும் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நடுவில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். அந்தக் கம்பியை நம்பித்தான் உன் பிள்ளையை ஏற்றினோம். நீ இருந்திருந்தால் உன்னைக் கெட்ட வார்த்தையில் ஏசியிருப்பேன். ஏசிவிட்டு உன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

வாசிக்கிறவர்களுக்கு இந்தப் படகைத் தெரியாது. இரண்டு ஒடுங்கிய ஃபைபர் தோணிகள், அவற்றை இணைக்க ஒரு அலுமினியச் சட்டம், சட்டத்தில் இறுக்கிக் கட்டிய துணி, அதன்மேல் ஒரு பாய்மரம். கட்டமரான் என்பார்கள். திகனப் பக்கம் விடுதி நடத்திய வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது இதை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதற்குக் கயிறு வாங்க என் ஹாட்வெயார் கடைக்கு வந்தாய். கண்டியில் எல்லோரும் முஸ்லிம் கடைக்காரர்களை அண்ணன் என்ற பொருளில் கூப்பிடுகிற மாதிரி "நானா" என்று கூப்பிட்டாய். என் கயிறு எங்கே போகிறது என்று பார்க்க ஒரு நாள் உன்னோடு வந்தேன், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். கடலே இல்லாத மலைநாட்டில் மஹய்யாவ ஆளுக்கும் அலவத்துகொட ஆளுக்கும் பாய்ப்படகு என்னத்துக்கு என்று ஊர் சிரித்தது. நீச்சல் தெரியாத மனுசன் தண்ணீருக்குப் போகிறானே என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நீ என்னை நானா என்று கூப்பிடுவது மட்டும் எப்போதோ கடைப் பேச்சைத் தாண்டிவிட்டது. உன் அடக்கத்தன்று உன் மனைவி ஸ்டெல்லா என்னைத்தான் வீட்டு ஆளாக முன்னால் நிற்கச் சொன்னாள்.

நீ போன பிறகு படகு கரையில் பலாமரத்தடியில் அப்படியே கிடந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. போன மாதம் டிலானி கடைக்கு வந்தாள். மடுல்கெல்லப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள் உன் மகள், தெரியும்தானே. அங்கேயிருந்து பஸ் பிடித்து, சேலைத் தலைப்பெல்லாம் தூசியோடு வந்து நின்றாள்.

"மாமா, அப்பாவோட ஆண்டுப் பூசை முடிஞ்சதும் அம்மாவ படகுல கூட்டிட்டுப் போகப் போறேன். நானும் அம்மாவும் மட்டும்."

"அந்த ஜிப்ப ஒன்ட கையால சமாளிக்க ஏலுமா மகள்? ஒன்ட வாப்பாக்கே கை உரியும்."

"அதுக்குத்தான் வந்தேன். ஜிப் சாமானெல்லாம் மாத்திடுவோம்."

ஜிப் என்பது முன்னால் உள்ள சின்னப் பாய். நம் படகில் அதுதான் சனியன். அதன் கயிறு நேரே கைக்கு வரும், இடையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. காற்று ஏறினால் உள்ளங்கையில் தீ வைத்த மாதிரி எரியும். இறக்க வேண்டுமென்றால் ஒருவர் படகின் மூக்குப் பக்கம் ஊர்ந்து போய்த் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வர வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நீதான். நான் பின்னால் உட்கார்ந்து, "மெல்ல, மெல்ல" என்று கத்துவேன்.

டிலானி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். கயிற்றைக் கடித்துப் பிடித்துக்கொள்கிற கப்பிகள். பாய்க்கு அடியில் ஒரு உருளை, மேலே ஒரு சுழல் மூட்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சின்னக் கயிற்றை இழுத்தால் ஜிப் தானாகச் சுருண்டுகொள்ளும், ஒருவரும் ஊர்ந்து போகத் தேவையில்லை. புதுப் பாயும் வேறு மாதிரி. அதற்குச் சொந்தக் கம்பி கிடையாது. முன்கம்பியைச் சுற்றி உறை மாதிரி மூடிக்கொண்டு அதிலேயே நிற்கும். சாமான்கள் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தன. பொதியைப் பார்த்திருந்தால் உனக்குக் கோபம் வந்திருக்கும். மூலையெல்லாம் பிய்ந்து, பிளாஸ்டர் ஒட்டினதும் ஒட்டாததுமாக வந்தது. நீ கட்டியிருந்தால் அதை உடைக்க எங்களுக்கு அரம் வேண்டியிருக்கும்.

அந்தக் கடைசி வரியை நான் விளையாட்டாகத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்ததும் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த பிறகுதான் நாம் வருசா வருசம் பாய்மரத்தை நிமிர்த்துவோம். நிமிர்த்தும் முன், மரம் தரையில் கிடக்கும்போதே, நீ கோயிலில் ஆசீர்வதித்த ஓலையில் ஒரு சின்னச் சிலுவை மடித்து, முன்கம்பி மரத்தோடு சேருகிற மேல் மூட்டில் வைத்துக் கட்டுவாய். காற்று கொண்டு போகக்கூடாது, மழை நனைக்கக்கூடாது என்று இன்சுலேஷன் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றுவாய், பார்சல் கட்டின கைதானே. போன வருசத்து ஓலையைக் கழற்றி வீச உனக்கு மனம் வராது. அதன்மேலேயே புது ஓலை, அதன்மேல் புது டேப். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது நானா" என்பாய்.

நான் அந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். அது உங்கள் வீட்டு வணக்கம். ஸ்டெல்லாவின் நேர்ச்சை என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வருசம் ஓலையை அவள் கையால் தந்துவிட்டதை நான் கண்டேன். படகில் உள்ள ஒவ்வொரு ஆணியையும், கம்பியை மரத்தோடு பூட்டுகிற செக்கிளையும் நான்தான் திருகிப் பார்ப்பேன், உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அந்தப் பொட்டலத்தை மட்டும் தொட்டதே இல்லை. நீ வருசா வருசம் கட்டுகிறாயே, கட்டும்போது கீழே பார்ப்பாய்தானே என்று இருந்தேன். நானா எல்லாவற்றையும் பார்க்கிறார்தானே என்று நீ இருந்திருப்பாய். இருந்தாய்தானே? சொல்லேன்.

அன்றைக்குக் கரைக்குப் போனோம். பாய்மரத்தை நானும் டிலானியும் மெல்லச் சாய்த்து, வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டு கதிரைகளின் மேல் கிடத்தினோம். பழைய ஜிப்பைக் கழற்றினோம், கப்பிகளைப் பூட்டினோம். எல்லாம் சுகமாகப் போனது. பிறகு மேலே சுழல் மூட்டுப் போட வேண்டிய இடத்துக்கு வந்தோம். அங்கே உன் பொட்டலம் கறுப்பாக, என் முட்டி அளவுக்கு உப்பிப்போய் இருந்தது.

"அத கழட்டுங்க மாமா. செக்கிள மாத்தணும் தானே."

"வேணாம் மகள். அது அப்பிடியே ஈக்கட்டும். அதுக்குக் கீழால ஒரு கிளிப் போட்டு இந்த மூட்டப் பூட்டுவோம். நல்லாப் புடிக்கும்."

சொன்னேன் ரொபட். என் வாயால்தான் சொன்னேன். அவள் சரி என்றிருந்தால் முடிந்தது. உன் மகள் உன்னைப் போல் இல்லை, நல்லகாலம்.

"அப்பிடிச் செய்யக்கூடாது மாமா. புதுப் பாயோட பாரம் முழுக்க இந்த ஒரு கம்பியிலதான் வரும். நான் பாத்தே ஆகணும்."

"அப்ப நீயே கழட்டு. அது ஒங்கட கோயில் சாமான், நான் தொட மாட்டேன்."

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பேனாக்கத்தியால் டேப்பைக் கீறினாள். ஒரு படை, இன்னொரு படை. உள்ளேயிருந்த ஓலையெல்லாம் கறுத்துக் குழைந்து, வெற்றிலைச் சக்கை மாதிரி இருந்தது. ஈர வாடை வந்தது. பல நாள் மழையே இல்லாமல் காய்ந்து கிடந்த படகு அது. பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. கடைசிப் படையை உரித்ததும் செம்மண் மாதிரித் துரு அவள் மடியில் கொட்டியது. நான் கம்பியைத் தாங்கிப் பிடிக்கப் போனேன். கம்பி என் கையில் இருந்தது, முனை அவள் கையில் இருந்த டேப்போடு போய்விட்டது.

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். நான் கம்பியின் முனையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனையோ இழை முறுக்கிய கம்பி அது, என் கடைக் கம்பி, நான் அளந்து வெட்டித் தந்தது. அதில் ஒரே ஒரு இழையின் முனைதான் புதிதாக உடைந்து மின்னியது. மற்றதெல்லாம் எப்போதோ போய்விட்டது. துத்தநாகம் பூசிய கம்பிக்கு மழை பெரிய எதிரி இல்லை ரொபட். நனையும், காயும், பிழைத்துக்கொள்ளும். காய விடாமல் மூடிக் கட்டினால் அதற்குச் சாவு. இதை நான் கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறேன். மேலேயிருந்து கம்பி வழியாக வழிந்த தண்ணீர் உன் கட்டுக்குள் இறங்கி, வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே குடியிருந்திருக்கிறது.

"அப்ப இவ்வளவு நாளா மரத்தப் புடிச்சிட்டு இருந்தது எது மாமா?" என்றாள் டிலானி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய ஜிப். நாம் திட்டித் தீர்த்த அந்தச் சனியன். அதன் முன் விளிம்புக்குள் ஒரு கம்பி தைத்திருந்தது. அதை மேலே ஏற்றி இறுக்கினால் முன்கம்பி தொய்ந்துவிடும். "சும்மா கிடக்குது பாருங்க நானா" என்று நீயே காட்டிச் சிரித்திருக்கிறாய். பாரத்தையெல்லாம் பாயின் கம்பி வாங்கிக்கொண்டது. அதைக் கழற்றி வீசிவிட்டு, முழுப் பாரத்தையும் இற்றுப்போன கம்பியில் ஏற்றி, உன் மனைவியையும் மகளையும் உட்காரவைத்துத் தள்ளிவிட இருந்தோம். நல்ல சாமான் வாங்கிப் பூட்டி, செலவழித்து, அழகு பார்த்து!

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. டிலானி சின்னவளாக இருந்தபோது ஒரு நாள் தெல்தெனியப் பக்கமிருந்து திடீரென்று காற்று அடித்தது, நினைவிருக்கிறதா? நீ முன்னால் ஊர்ந்து போய் ஜிப்பை இறக்கினாய். பெரிய பாயை மட்டும் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தோம். பிள்ளை பாய்மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பாட்டுப் பாடினாள். ஸ்டெல்லா கரையில் நின்று குடையை ஆட்டினாள். அன்றைக்கு ஜிப் இல்லை. பெரிய பாய் மரத்தைப் பின்னுக்கு இழுக்க, முன்னால் பிடித்திருந்தது அந்தக் கம்பி மட்டும்தான். அப்போதே எத்தனை இழை மிச்சம் இருந்தது? உனக்குத் தெரியுமா? யாருக்காவது தெரியுமா?

டிலானி துருவைத் தட்டிவிட்டு எழும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா. ஓலையாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அவங்க தாங்கமாட்டாங்க. படகுப் பக்கமே வரமாட்டாங்க, என்னையும் விடமாட்டாங்க."

"சொல்ல மாட்டேன்."

"இந்த ஓலைய வீசவும் ஏலாது. கோயில்லதான் குடுக்கணும், விபூதிப் புதனுக்கு எரிப்பாங்க. அதுவரைக்கும் நீங்க வச்சிருங்க."

ஓலையையும் இற்றுப்போன கம்பி முனையையும், கடையிலிருந்து கொண்டுபோயிருந்த புதுப் பையில் போட்டுத் தந்தாள். அதை வேனில் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். கடையில் தரையில் வைக்க மனம் ஒப்பவில்லை. மேல் தட்டில், பூட்டுகள் இருக்கிற இடத்தில் வைத்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "அதென்ன பை?" என்றாள். "ரொபட்ட சாமான்" என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டொரு நாளில் ஸ்டெல்லாவே போன் எடுத்தாள்.

"நானா, படகு வேல நடக்குதாம், டிலானி சொன்னா. இந்த வருச குருத்தோலைய நான் எடுத்து வச்சிருக்கேன், மேல கட்டுறதுக்கு. வந்து கொண்டு போறீங்களா?"

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். என்ன செய்வேன் சொல். வாங்கிக்கொண்டு வந்து கட்டாமல் விட்டால் பொய். கட்டினால், அல்லாஹ்வே, அதைவிடப் பெரிய பாவம். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு, பையையும் எடுத்துக்கொண்டு மஹய்யாவவில் உன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். உங்கள் வீட்டுப் படியில் ஏறியதும் அவ்வளவும் மறந்து போனது.

உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஓலையை அவள் எடுத்து வந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை.

"ஏன் நானா? கோவமா?"

"கோவமில்ல தங்கச்சி. இத இனி கட்ட ஏலாது."

சொல்லிவிட்டேன் ரொபட். பையைக் கதிரையில் வைத்து, கம்பி முனையை அவளிடம் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். டிலானி கேட்டுக்கொண்டதையும் மறைக்கவில்லை. ஸ்டெல்லா கம்பியைக் கையில் வாங்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். நான் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

"நீங்க மனசப் போட்டு ஒலப்பிக்கக்கூடாது தங்கச்சி. ஒங்கட நேர்ச்ச, நல்லதுக்குத்தானே கட்டினீங்க. ஆருக்குத் தெரியும் இப்பிடி ஆகும்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னோட நேர்ச்சையா? எனக்கு என்ன நேர்ச்ச நானா? மொத வருசம் ஒண்ணே ஒண்ணு குடுத்தேன், அவ்வளவுதான். அதுக்குப் பொறகு நான் குடுக்கவே இல்ல. அவருதான் கோயில்ல கேட்டு வாங்கிட்டு வருவாரு."

"ரொபட்டா? பூசையில கடிகாரத்தப் பாத்துட்டு ஈக்கிற மனுசன்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'என்னா, திடீர்னு பக்தி?' ன்னேன். 'எனக்கில்ல ஸ்டெல்லா, நானாவுக்கு' ன்னாரு."

"எனக்கா?"

"நீங்க ஏறுறதுக்கு முன்னால மேல அண்ணாந்து அந்தப் பொட்டலத்த ஒருக்கா பாப்பீங்களாம். பாத்துட்டுதான் கால் வைப்பீங்களாம். 'நானாவுக்கு நீச்சல் தெரியாது, பயம். வாய்விட்டுச் சொல்லமாட்டாரு. அது அங்க இருக்கிறதுதான் அவருக்குத் தைரியம். கழட்டிட்டா மனுசன் ஏறவே மாட்டாரு' ன்னு சொல்வாரு. அதான் இந்த வருசமும் எடுத்து வச்சேன். அவரு இல்ல, நீங்க எப்பிடி ஏறப் போறீங்கன்னு."

கம்பி உடைந்தபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை.

நான் ஏன் மேலே பார்த்தேன் தெரியுமா, மடையா? பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் நான் எப்போதும் கால் வைத்தேன், என் தைரியம் அதில் இருந்தது. மேலே பார்த்தது உன் கட்டு அவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்க. அது தண்ணீரில் விழுந்தால் உன் மனம் சங்கடப்படுமே, ஸ்டெல்லாவுக்கு என்ன பதில் சொல்வாய் என்று. உன் மரியாதையைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு தரமும் அண்ணாந்து பார்த்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு எனக்காக இன்னொரு ஓலை, இன்னொரு சுற்று டேப்.

நான் இதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"ரெண்டு பேரும் அந்தத் தண்ணி நடுவுல மணிக்கணக்கா உக்காந்து என்னத்ததான் பேசுனீங்க?"

என்னத்தைப் பேசினோம் ரொபட்? கிரிக்கெட் பேசினோம். உன் மேலதிகாரியைத் திட்டினோம். என் சம்பந்தியைத் திட்டினோம். உன் இரத்த அழுத்தத்தைப் பற்றி, சீமெந்து தட்டுப்பாட்டைப் பற்றி, யார் வீட்டு வட்டிலப்பம் நல்லது என்பதைப் பற்றி. உன் மார்க்கத்தைப் பற்றி நானும் என் மார்க்கத்தைப் பற்றி நீயும்கூடக் கேட்டிருக்கிறோம். "அது எதற்கு அங்கே கட்டுகிறாய்?" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. "ஏன் நானா மேலே பார்க்கிறீங்க?" என்று நீ கேட்கவில்லை. கேட்டால் புண்படும் என்று இரண்டு பேரும் அவ்வளவு பதவிசாக இருந்திருக்கிறோம். அந்த இடைவெளியில் கம்பி இழை இழையாக அறுந்துகொண்டிருந்தது.

டிலானி மாலை பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது தாயின் மடியில் கம்பியைக் கண்டாள். என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். வாக்கு மீறினதுக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லும் முன் ஸ்டெல்லா பேசினாள்.

"படகு போகும். நானும் வருவேன். ஆனா மொதல்ல புதுக் கம்பிய எனக்குக் காட்டணும், எப்பிடிப் பாக்குறதுன்னு சொல்லித் தரணும். நான் என் கண்ணால பாத்துட்டுத்தான் ஏறுவேன்."

இந்த வருசத்து ஓலை உன் படத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. பழையதைக் கோயிலில் கொடுத்துவிட்டார்கள். புதுக் கம்பி துருப்பிடிக்காத இரும்பில், டிலானி கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்தாள், என் கடைக் கம்பி வேண்டாம் என்று முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டாள். சரிதான் என்றேன். முந்தாநாள் மரத்தை நிமிர்த்தினோம். உருளை சுழல்கிறது, ஜிப் ஒரு இழுப்பில் சுருண்டுகொள்கிறது. நீ ஊர்ந்து போன இடத்தில் இனி ஒருவரும் ஊர்ந்து போக வேண்டியதில்லை. மேல் மூட்டில் ஒன்றுமில்லை, மொட்டையாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கக் கண் கூசுகிறது, பழகிவிடும்.

ஆனால் ரொபட், இரண்டு நாளாக ஒரே காட்சிதான் கண்ணுக்குள் நிற்கிறது. நீ எனக்காக அதைக் கட்டினாய். நான் உனக்காக அதைத் தொடவில்லை. அதற்கு நேர் கீழே உன் பிள்ளை உட்கார்ந்து பாட்டுப் பாடினாள்.

ஆண்டுப் பூசை முடிந்து அவர்கள் இரண்டு பேரும் கரைக்கு வருவார்கள், நான் முன்னமே அங்கே நிற்பேன். அந்த மூட்டைக் கையால் தடவிப் பார்த்து, என்ன பார்த்தேன் என்பதை அவர்கள் காதில் விழும்படி சொல்லுவேன். எனக்குத் தண்ணீர் பயம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன், அது நீ நினைத்தது சரிதான். இனி உன் வீட்டில் எனக்கு விளங்காத எதையும் மரியாதை என்று சொல்லிக் கேட்காமல் விடமாட்டேன். உன் பிள்ளை கோபித்துக்கொண்டாலும் கேட்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

கேட்காமல் விட்ட,
உன் நானா